கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரச் சிறு கிறித்தவச் சபைகளின் கூட்டு ஊழியம்: திருவிருந்து, பந்தி, கல்லறை

ஆய்வுச்சுருக்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் உள்ள கிறித்தவச் சபைகளுள் பெரும்பாலானவை சிறு கிராமச் சபைகள். இவை தனித்து இயங்கும் வலிமை குறைந்தவை. ஆகவே பிற சபைகளோடு கூடி ஊழியத்தையும் சமுதாயப் பணியையும் பகிர வேண்டிய தேவை உடையவை. மருத்துவமனை, கல்விக்கூடம், விவிலிய மொழிபெயர்ப்பு, இறையியல் கல்வி ஆகியவற்றில் சபைப்பிரிவு எல்லைகளைக் கடந்த ஒத்துழைப்பு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்துள்ளது. எனினும் சேர்ந்து உண்ணல், சேர்ந்து அமர்தல், சேர்ந்து அடக்கம் செய்தல் ஆகிய மூன்றிலும் அவ்வொத்துழைப்பு தளர்வதையும், அதற்குச் சபைப்பிரிவைவிடச் சாதியே முதன்மைக் காரணமாக இருப்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டு ஊழியம், ஆற்காடு லுத்தரன் சபை, கல்வராயன் மலை, சமபந்தி, இறையூர், தலித் கிறித்தவம்

முன்னுரை

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. 1993 வரை இப்பகுதி முழுவதும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இதன் மேற்கெல்லையில் கல்வராயன் மலைத்தொடர் அமைந்துள்ளது. அம்மலையின் மறுபுறம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சமவெளியில் நெல், கரும்பு, மரவள்ளி விளையும் சிற்றூர்கள். மலையில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். இவ்விரு நிலப்பகுதிகளிலும் கிறித்தவம் வெவ்வேறு வழிகளில் வேரூன்றியது. சமவெளியில் கத்தோலிக்கத் திருச்சபை, டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் சபை, பிற்காலத்தில் பெருகிய பெந்தெகொஸ்தே சபைகள் ஆகியன இயங்குகின்றன. மலைப்பகுதியிலோ கிறித்தவ ஊழியம் பெரிதும் மருத்துவப் பணியின் வழியே நுழைந்தது.

சபைகளின் ஒருமைப்பாடு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பேராயர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளையே சான்றாகக் கொள்கின்றன. கிராமத்தில் வாழும் கிறித்தவருக்கு ஒருமைப்பாடு என்பது யாரோடு உண்பது, எங்கே அமர்வது, எங்கே அடக்கம் செய்யப்படுவது என்பனவற்றால் அறியப்படுவதாகும். இந்நோக்கிலேயே கூட்டு ஊழியத்தின் வரலாறு இங்கு அணுகப்படுகிறது.

சிறு சபையின் அமைப்பும் தேவையும்

கிராமச் சபை ஒன்றில் சில குடும்பங்களே உறுப்பினராக இருப்பது இயல்பு. லுத்தரன் அமைப்பில் இத்தகைய சபைகள் பல சேர்ந்து ஒரு சேகரமாகின்றன; சேகரம் முழுமைக்கும் ஓர் ஆயர் பொறுப்பேற்கிறார். கத்தோலிக்க அமைப்பில் ஒரு பங்கின்கீழ்ப் பல கிளைக் கிராமங்கள் அமைகின்றன. இரண்டிலும் அன்றாட வழிபாட்டையும் சிறுவர்க்கான மறைக்கல்வியையும் ஊரிலேயே தங்கி நடத்தியவர் உபதேசியார் ஆவார். அவர் அருள்பொழிவு பெற்றவர் அல்லர். ஆகையால் திருவிருந்து வழங்க அவருக்கு உரிமையில்லை. ஆயரோ பங்குத்தந்தையோ வரும் நாளில்தான் அச்சிற்றூரில் அப்பமும் இரசமும் பகிரப்படும்.

இதிலிருந்து சிறு சபைகளின் முதன்மைச் சிக்கல் புலப்படும். அடுத்த தெருவில் வேறொரு சபையின் ஆயர் இருப்பினும் அவரை அழைத்துத் திருவிருந்து நடத்த இயலாது. ஒரு சபையின் அருள்பொழிவை மற்றொரு சபை ஏற்றுக்கொண்டாலன்றி அது கூடுவதில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்று மரபுகளின் ஆயர்களையும் ஒரே திருப்பணியில் ஏற்றுக்கொண்டு இச்சிக்கலைத் தன்னளவில் தீர்த்தது. லுத்தரன் சபைகள் அவ்விணைப்புக்கு வெளியே நின்றன. பின்னர் இரு தரப்பினரும் நீண்டகாலம் இறையியல் உரையாடல் நடத்தியும் இணைப்பு நிறைவேறவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1964ஆம் ஆண்டின் கிறித்தவ ஒன்றிப்பு விதித்தொகுப்பால் பிற சபையினரோடு சேர்ந்து மன்றாடும் வாயிலைத் திறந்தது. நற்கருணையைப் பொதுவாகப் பகிர்வதை அது ஏற்கவில்லை. ஆகவே கள்ளக்குறிச்சி போன்ற வட்டாரத்தில் திருவிருந்து மேசை இன்றும் சபைவாரியாகவே உள்ளது. மார்ச் முதல் வெள்ளியன்று பெண்கள் கூடும் உலக ஜெப நாள், ஜனவரி 18 முதல் 25 வரை நிகழும் கிறித்தவ ஒன்றிப்பு வாரம், நகரங்களில் நடைபெறும் ஐக்கிய கிறிஸ்துமஸ் விழா ஆகியவை மேசையைத் தொடாத ஒத்துழைப்பு வடிவங்கள்.

1850ஆம் ஆண்டுத் தீர்மானமும் கார்ல் ஓக்ஸும்

தென்னார்க்காட்டு லுத்தரன் மரபின் தொடக்கமே பந்தியைப் பற்றிய பூசலில் அமைந்தது என்பது கருதத்தக்கது. தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய லுத்தரன் ஊழியம் வழிபாட்டில் சாதிவாரி இருக்கைகளை நீண்டகாலம் பொறுத்துக்கொண்டது. எல்லாச் சபையினரும் இன்றுவரை விரும்பிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே (1774–1864), சாதி வேறுபாட்டை நீக்கப் புதிய மிஷனரிமார் எடுத்த முயற்சியை எதிர்த்து எழுதியவர். பாடலில் ஒன்றுபடுதல் எளிதாகவும் பந்தியில் ஒன்றுபடுதல் அரிதாகவும் இருந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியைக் கைவிட வேண்டும் என ஆணையிட்டார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதி குறித்துத் தீர்மானம் ஒன்றை வெளியிட்டது. சாதியை முன்னிட்டுப் பிறர் சமைத்த உணவை உண்ண மறுப்பவர் சபையில் ஏற்றுக்கொள்ளத்தக்கவர் அல்லர் என்பது அதன் சாரம். வெவ்வேறு சபைப்பிரிவுகளைச் சேர்ந்த மிஷனரிமார் இதில் ஒன்றுபட்டனர். தமிழகப் புராட்டஸ்டண்டு சபைகளின் தொடக்ககாலக் கூட்டுச் செயற்பாடுகளுள் ஒன்று சமபந்தியையே அளவுகோலாகக் கொண்டது என்பது இதனால் தெளிவாகும்.

லைப்சிக் மிஷன் இத்தீர்மானத்தில் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமுதாய ஒழுங்கு என்றும், நற்செய்தியின் தாக்கத்தால் அது காலப்போக்கில் தேயும் என்றும், கட்டாயப்படுத்தி அகற்றுதல் தகாது என்றும் கருதினார். அம்மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் இக்கருத்தை ஏற்க மறுத்தார். கருத்து வேறுபாடு முற்றியதால் அவர் விலகி, 1860களின் தொடக்கத்தில் கடலூரை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் ஊழிய நிலையத்தை நிறுவினார். பின்னர் டேனிஷ் மிஷனரிச் சங்கம் அவரைத் தன் ஊழியராக ஏற்றுக்கொண்டது. அங்கிருந்தே டேனிஷ் மிஷன் திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி முதலிய உள்வட்டாரங்களுக்குப் பரவி, பிற்காலத்தில் ஆற்காடு லுத்தரன் சபையாக வடிவம் பெற்றது. எனவே கள்ளக்குறிச்சியின் லுத்தரன் சபை, சாதியோடு சமரசம் செய்ய மறுத்ததன் விளைவாகத் தோன்றிய சபை எனலாம்.

எல்லைப் பங்கீடும் கூட்டு நிறுவனங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு மிஷன்கள் தங்களுக்குள் நிலப்பகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டன. ஒருவர் ஊழியம் செய்யும் வட்டாரத்தில் மற்றவர் நுழையாதிருப்பது இதன் நெறி. அதன்படி திண்டிவனம் பகுதி அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கும், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி பகுதிகள் டேனிஷ் மிஷனுக்கும் உரியவாயின. இதனால் போட்டி தவிர்க்கப்பட்டது. அதேவேளையில் ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பது அவருடைய நம்பிக்கைத் தெளிவால் அமையாமல், பிறந்த ஊரால் அமைந்தது. மனமாற்றம் தனியாள் நிலையில் நிகழாமல் உறவுக் குழுக்களாக நிகழ்ந்தமையால், பல ஊர்களில் சபை என்பதும் ஒரு சேரி அல்லது ஒரு தெரு என்பதும் ஒன்றாயின. ஒரே சாதியினர் மட்டும் உள்ள சபையில் சமபந்தி சோதனைக்கு உள்ளாவதில்லை. ஓக்ஸ் எழுப்பிய வினா தீர்க்கப்படாமலே மறைந்திருக்க இது இடமளித்தது.

சபைப்பிரிவுகளுக்கு இடையிலான ஒத்துழைப்பு நிறுவனங்களின் வழியே சிறந்து வளர்ந்தது. 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனரிச் சங்கம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் பொருள், இந்தியரின் நிர்வாகம் என்னும் கொள்கையுடன் இயங்கியது. அது தனக்கெனப் புதிய சபைப்பிரிவு எதனையும் உண்டாக்கவில்லை. 1910இல் பெங்களூருவில் பல சபைகள் இணைந்து ஐக்கிய இறையியல் கல்லூரியை நிறுவின. அதன் முதல் முதல்வரான எல். பி. லார்சன், டேனிஷ் மிஷனரியாக 1889இல் தமிழகம் வந்தவர். தமிழ் விவிலியத் திருத்தப் பணிக்கும் தலைமையேற்றவர். 1969இல் மதுரை அரசரடியில் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் இணைந்து தமிழ்நாடு இறையியல் கல்லூரியை உருவாக்கின. திருவிருந்து மேசையில் முறைப்படி இணையாத சபைகள், அம்மேசையில் நிற்கவிருக்கும் ஆயர்களை ஒரே வகுப்பறையில் பயிற்றுவித்தன.

மருத்துவத் துறையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தலைசிறந்த எடுத்துக்காட்டு. ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகம் பல சபைகளின் கூட்டு நிறுவனமாக வளர்ந்தது. உறுப்புச் சபைகள் பரிந்துரைக்கும் மாணவர் அங்கே பயின்று, பின்னர்ப் பரிந்துரைத்த சபையின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணிபுரிதல் வேண்டும். சிறு சபையொன்று தனித்து மருத்துவக் கல்லூரி நடத்த இயலாது. பல சபைகள் சேர்ந்து நடத்தும்போது ஊரகத்து மிஷன் மருத்துவமனைக்கும் மருத்துவர் கிடைக்கிறார். திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் மருத்துவமனை போன்ற ஊரக நிலையங்களின் வாழ்வு இத்தகைய கூட்டமைப்புகளோடு பிணைந்தது.

விவிலிய மொழிபெயர்ப்பிலும் இதே போக்கைக் காணலாம். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பு, பல மிஷன்களின் பொதுமுயற்சி. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் சேர்ந்து ஆக்கிய பொது மொழிபெயர்ப்பு. அது பழைய தென்னார்க்காட்டுத் திண்டிவனத்திலுள்ள கத்தோலிக்க விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் வழியே வெளியாயிற்று. எனினும் புராட்டஸ்டண்டுக் கிராமச் சபைகளில் பழைய மொழிபெயர்ப்பே பெரிதும் ஓதப்படுகிறது.

மலைப்பகுதியில் ஊழியம்

கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனப்பட்ட மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அரசு ஜாகீர்களைக் கையகப்படுத்தியது. சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியன மலைக்குத் தாமதமாகச் சென்றமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

இம்மலைத்தொடர்களில் கிறித்தவ ஊழியம் செய்தவர்களுள் ஜெசி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் குறிப்பிடத்தக்கவர். கட்டுப்பாடு மிக்க பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த இவர்கள் கொல்லிமலையில் மருத்துவம், வேளாண்மை, கைத்தொழில், கல்வி ஆகியவற்றை ஊழியத்தோடு இணைத்தனர். இன்ஃப்ளுயன்சா பரவிய காலத்தில், அவர்களை எதிர்த்துவந்த மலைப்பூசாரி ஒருவர் நோயுற்றபோது, அண்டை அயலார் நெருங்க அஞ்சிய நிலையில் அவர்களே அவரைப் பேணினர். இறக்கும் தறுவாயில் அவர் தம் குழந்தைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். 1929இல் ஜெசி பிராண்ட் காய்ச்சலால் இறந்தார். மிஷன் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் ஈவ்லின் பிராண்ட் மலையை விட்டு நீங்காமல், கல்வராயன் உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களில் தனியராக ஊழியம் செய்து, 1974இல் தமது 95ஆம் வயதில் மறைந்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளர்க்கான கை அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றார்.

கட்டுப்பாடு மிக்க பாப்டிஸ்டு மரபு, தன் நம்பிக்கைப்படி திருமுழுக்குப் பெற்றவரை மட்டுமே திருவிருந்துக்கு ஏற்கும் இயல்புடையது. ஆயினும் அம்மரபில் வந்தவர்களின் மருந்தும் விதையும் பள்ளியும் மலையாளி மக்கள் அனைவர்க்கும் உரியனவாக இருந்தன. மேசை மூடியிருப்பினும் பணி திறந்திருந்தது எனலாம். பணியைப் பகிர்தல் மேசையைப் பகிர்தலுக்கு முந்தி நிகழக்கூடும் என்பதும், பணியைப் பகிர்ந்ததனாலேயே மேசை திறந்துவிடாது என்பதும் இதனால் பெறப்படும்.

இறையூர்: ஒரே சபைக்குள் பிரிவு

சபைப்பிரிவுகள் ஒன்றுபட்டால் கிராமத்தில் ஒருமைப்பாடு தோன்றிவிடும் என்னும் எண்ணத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துவது இறையூர் நிகழ்வு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள இறையூர், பழமையான கத்தோலிக்க ஊர். அங்குள்ள வன்னியக் கிறித்தவரும் தலித் கிறித்தவரும் ஒரே திருச்சபையினர். ஒரே நம்பிக்கை அறிக்கையைச் சொல்பவர். ஒரே பேராயரின்கீழ் வாழ்பவர். அவர்களுக்கிடையே இறையியல் வேறுபாடு எதுவுமில்லை. ஆயினும் கல்லறைகள் தனித்தனியே இருந்தன; தலித் மக்களின் இறுதி ஊர்வலம் செல்லும் வழியும் பூசலுக்குரியதாயிற்று. தலித் கிறித்தவர் தமக்கெனச் சிற்றாலயம் அமைத்து, அதைத் தனிப்பங்காக அறிவிக்குமாறு கோரினர். 2008 மார்ச் மாதம் மோதல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வில் ஒரு முரண் உள்ளது. கூட்டு ஊழியத்தின் இலக்கு பிரிந்தவை இணைவது. இறையூரிலோ மதிப்புடன் வாழ விரும்பியவர்கள் பிரிவையே வேண்டினர். பிரிவை வேண்டியவர்களே ஒற்றுமையைக் குலைத்தவர்கள் என்று கருதுவது எளிது. ஆனால் வழியும் கல்லறையும் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்த ஊரில், தனிப்பங்குக் கோரிக்கை புதிய பிரிவை உண்டாக்கவில்லை. இருந்த பிரிவைப் பெயரிட்டு வெளிப்படுத்தியது. சமத்துவமில்லாத ஒற்றுமையில் வலிமையற்றவர் தம் மதிப்பை விலையாகக் கொடுக்க நேர்கிறது என்பதை இறையூர் காட்டுகிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

சட்டத்தின் பங்கு

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து சமயத்தவர்க்கே பட்டியல் சாதித் தகுதியை வழங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத்தை ஏற்ற தலித் மக்கள் அத்தகுதியை இழந்து, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். பழங்குடித் தகுதிக்கு இத்தகைய சமய வரையறை இல்லை. ஆகவே கல்வராயன் மலையில் கிறித்தவராகும் மலையாளி பழங்குடியினராகவே தொடர்கிறார்; மலையடிவாரத்தில் கிறித்தவராகும் தலித் தம் தகுதியை இழக்கிறார். ஒரே மாவட்டத்தில், சில மணி நேரப் பயணத் தொலைவில், ஒரே திருமுழுக்கு இருவேறு சட்ட விளைவுகளை உண்டாக்குகிறது.

இதனால் சமவெளியில் பலர் நம்பிக்கையில் கிறித்தவராகவும் ஆவணத்தில் இந்துவாகவும் வாழ நேர்கிறது. உறுப்பினர் தம் பெயரைப் பதிவேட்டில் எழுதத் தயங்கும்போது சபையின் எண்ணிக்கையும் காணிக்கையும் சிறுத்துத் தோன்றும்; பிற சபைகளோடு முறைப்படி உடன்பாடு செய்துகொள்வதும் கடினமாகும். இத்துறையில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் ஒன்றுபட்டுள்ளனர். ஆணை வெளியான ஆகஸ்டு 10ஆம் நாளைக் கறுப்பு நாளாக இரு தரப்பினரும் கடைப்பிடித்து வருகின்றனர். அரசிடம் சமநீதி கேட்பதில் ஒன்றுபடும் சபைகள், தம் கல்லறையில் சமநீதி வழங்குவதில் ஒன்றுபடவேண்டும் என்னும் வினா இதனோடு சேர்ந்தே எழுகிறது.

கூட்டு ஊழியத்தின் அளவுகோல்

அரசரடிக் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோஃபிலஸ் அப்பாவு (பரட்டை எனப் பரவலாக அறியப்பட்டவர், மறைவு 2005) இவ்வினாவுக்குக் கிராம வாழ்விலிருந்து விடை தேடினார். ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்ணல் என்பதைத் தம் இறையியலின் மையமாக அவர் கொண்டார். நாட்டுப்புற இசையில் அதைப் பாடலாக்கினார். திருவிருந்தில் பகிரப்படும் அப்பம் வீட்டு அடுப்போடு தொடர்பற்றதாக நின்றுவிடக்கூடாது என்பது இச்சிந்தனையின் உட்கிடை. 1850ஆம் ஆண்டுத் தீர்மானம் சமபந்தியைச் சபையில் சேர்வதற்கான தேர்வாக வைத்தது. அப்பாவு அதைச் சபை வாழ்வின் கொண்டாட்டமாக மாற்றினார்.

இவ்வடிப்படையில் சிறு சபைகளின் கூட்டு ஊழியத்தை மூன்று நிலைகளில் மதிப்பிடலாம். முதலாவது, பணியில் கூடுதல்: மருத்துவ முகாம், மாலைநேர வகுப்பு, மதுவுக்கு அடிமையானோர்க்கு மறுவாழ்வு போன்றவை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அதைத் தொடர்ந்து கல்வராயன் மலை மக்களின் வளர்ச்சி குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரித்தது. இத்தகைய துயரின் அளவு எந்தத் தனிச் சபையின் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டது. சபைகளும் பிற சமயத்தவரும் சேர்ந்தே எதிர்கொள்ளத்தக்கது. இரண்டாவது, பந்தியில் கூடுதல்: திருவிழா, திருமணம், அசனம் ஆகியவற்றில் யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், யார் உடன் அமர்கிறார் என்பது இதன் அளவு. மூன்றாவது, கல்லறையில் கூடுதல். தனிச் சபைகள் பலவற்றுக்குச் சொந்தக் கல்லறை நிலமே இராது. பெரிய சபைகள் தம் நிலத்தைப் பகிர்ந்தால் அது மிகப்பெரும் உதவியாகும். ஒரே சபைக்குள் சாதிவாரிச் சுவர்களை அகற்றுவது அதனினும் அடிப்படையானது.

முடிவுரை

கள்ளக்குறிச்சி வட்டாரச் சபைகள் ஒத்துழைப்பின் வளமான மரபைப் பெற்றுள்ளன. அம்மரபு மருத்துவமனையிலும் கல்லூரியிலும் மொழிபெயர்ப்பிலும் நற்பயன் விளைத்தது. அதே சபைகள் சாதி குறித்த வினாவையும் மரபுரிமையாகப் பெற்றுள்ளன. ஓக்ஸ் லைப்சிக் மிஷனை விட்டு விலகியதும் இறையூர் மக்கள் தனிப்பங்கு கேட்டதும் அவ்வினாவின் இரு வெளிப்பாடுகள். சபைப்பிரிவுகளுக்கு இடையிலான உடன்படிக்கை ஆயரைப் பகிர உதவும். அண்டை வீட்டாரோடு பந்தியைப் பகிரும் மனத்தை அது தானாகத் தந்துவிடாது. ஆகவே ஒரு சிற்றூரில் கூட்டு ஊழியம் உண்மையில் நிகழ்கிறதா என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர், பேரவைத் தீர்மானங்களோடு அவ்வூரின் அசனப் பந்தியையும் கல்லறை வழியையும் காண வேண்டும். சபைகள் தம்மை மதிப்பிட்டுக்கொள்ளவும் இவ்வளவுகோலே பொருந்தும்.